காவல்துறை ஆய்வில் புதிதாக இறங்குபவர்களுக்கு: படிக்க, தேட, வெளியிட ஒரு வழிகாட்டி

காவல்துறையை ஆய்வு செய்ய வருபவர்களில் இரண்டு வகையினர் உண்டு. சமூகவியலோ குற்றவியலோ சட்டமோ பொருளாதாரமோ படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுபவர்கள் ஒரு வகை. சீருடையில் இருந்துகொண்டே, தினமும் பார்க்கும் வேலையைப் பற்றி முறையாக ஆராய்ந்து எழுத நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் முட்டி நிற்பது ஒரே இடத்தில்தான்: கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன, எதில் தொடங்குவது என்று தெரிவதில்லை.

கீழே படிப்படியாகச் சொல்கிறேன். ஆனால் எல்லாப் படியிலும் ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆய்வுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? வெளியாள் நினைத்தவுடன் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய இடமல்ல காவல்துறை. அனுமதி வேண்டும், பதிவேடு வேண்டும், பணம் வேண்டும். இவை எங்கே கிடைத்தனவோ அங்கேதான் கட்டுரைகள் பிறந்திருக்கின்றன. கிடைக்காத இடங்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வுப் போக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் விளங்கிவிடும்.

முதல் படி: முன்கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும், ஆனால் தவிர்க்காதீர்கள்.

வில்லியம் வெஸ்ட்லி என்ற சிகாகோ பல்கலைக்கழக மாணவர் 1940களின் இறுதியில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கேரி என்ற தொழில்நகரத்தின் காவலர்களோடு பழகிக் களஆய்வு செய்தார். காவலர்களின் வன்முறை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1953இல் வெளிவந்தது. முழு ஆய்வு நூலாக வர 1970 ஆகிவிட்டது. பிரிட்டனில் மைக்கேல் பேண்டனின் நூல் 1964இல் வந்தது, அமெரிக்காவில் ஜெரோம் ஸ்கோல்னிக்கின் நூல் 1966இல். மூவருமே சமூகவியலர்கள், காவலர்களோடு கூடவே இருந்து பார்த்து எழுதியவர்கள். அந்தத் தலைமுறையின் கேள்வி ஒன்றுதான்: காவலர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

அதன்பின் பணம் வந்தது. அமெரிக்க நகரங்களில் கலவரங்கள் வெடித்த காலம் அது. குடியரசுத் தலைவர் அமைத்த குழுவுக்காக 1966 கோடையில் ஆல்பர்ட் ரெய்ஸ் 36 பார்வையாளர்களை பாஸ்டன், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களின் ரோந்துக் காவலர்களோடு அனுப்பி, காவலரும் பொதுமக்களும் சந்திக்கும் ஒவ்வொரு தருணத்தையும் பதியவைத்தார். 1970இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு உருவானது. அதன் துணையோடு நடந்ததுதான் கன்சாஸ் சிட்டி ரோந்துச் சோதனை. 1972 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு, 15 பீட்டுகளை (ரோந்துப் பகுதிகளை) மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்தையே நிறுத்தி, அழைப்பு வந்தால் மட்டும் வண்டி போனது. ஐந்தில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். ஐந்தில் பழையபடியே விட்டார்கள். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று 1974 அறிக்கை சொன்னது.

அந்த முடிவை எப்படிப் படிப்பது என்ற விவாதம்தான் அடுத்த ஐம்பது ஆண்டு ஆய்வின் பெரும் இழை. 15 பீட்டுகள் போதுமா, நகரம் முழுக்கப் பரவலாகச் சுற்றுவதும் குற்றம் குவியும் இடத்தில் போய் நிற்பதும் ஒன்றா என்று கேட்கத் தொடங்கினார்கள். 1989இல் மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய குழுவினரும், ஏறத்தாழ 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே காவல்துறைக்கு வரும் அழைப்புகளில் பாதி வருவதைக் காட்டினார்கள். 1995இல் ஷெர்மனும் டேவிட் வைஸ்பர்டும் அதே நகரில் 110 இடங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, கூடுதல் ரோந்து போன இடங்களில் அழைப்புகள் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். 1998இல் ஷெர்மன் சான்று சார்ந்த காவல்பணி என்ற முழக்கத்தை வைத்தார். சமகாலத்தில் இன்னொரு நதியும் ஓடியது: டாம் டைலர் 1980களிலிருந்தே எழுதிவந்த நடைமுறை நீதி. காவலர் மரியாதையாகவும் பாரபட்சமில்லாமலும் நடந்துகொண்டால் மக்கள் சட்டத்துக்குத் தாமாகவே இணங்குவார்கள் என்பது அதன் மையக் கருத்து. இன்று வரும் கட்டுரைகளில் எதை எடுத்தாலும் அதன் வேர் இந்த இரண்டில் ஒன்றில் போய் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

2014இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றது, 2020இல் காவலரால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டது. இந்த இரண்டுக்கும் பிறகு பலப்பிரயோகம், இனப் பாகுபாடு, சட்டையில் மாட்டும் கேமரா ஆகியவை பற்றிய கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. பொது நிகழ்வு ஒன்று நடந்து, நிதி ஒதுக்கப்பட்டு, ஆய்வு முடிந்து, கட்டுரை அச்சேற இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஆண்டுவாரி வரைபடத்தில் ஓர் எழுச்சியைப் பார்த்தால், அதன் காரணத்தை அந்த ஆண்டில் தேடாமல் சற்று முன்னே தேடுங்கள்.

இரண்டாம் படி: இதழ்களை இனம் பிரியுங்கள்

காவல்துறைக்கென்றே இருக்கும் இதழ்கள் ஒரு கூட்டம். 1990இல் தொடங்கிய போலீசிங் அண்ட் சொசைட்டி சமூகவியல் சாய்வும் பிரிட்டிஷ் மரபும் கொண்டது, களஆய்வுக்கும் கோட்பாட்டுக்கும் இடம் தரும். 1998இல் வந்த போலீஸ் குவார்ட்டர்லி பெரும்பாலும் அமெரிக்கத் தரவு, புள்ளியியல். போலீஸ் பிராக்டிஸ் அண்ட் ரிசர்ச் 2000இல் தொடங்கியது, பல நாட்டுக் கட்டுரைகளையும் பணியில் இருப்பவர்களின் எழுத்தையும் வரவேற்பது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் போலீசிங் இதழ் 2007 முதல் வருகிறது, கொள்கையும் நடைமுறையும் அதன் களம். கேம்பிரிட்ஜ் ஜர்னல் ஆஃப் எவிடன்ஸ் பேஸ்டு போலீசிங் 2017இல் வந்தது, காவல் அதிகாரிகளே செய்த சோதனைகளை அதில் நிறையப் பார்க்கலாம். 1928 முதல் வரும் தி போலீஸ் ஜர்னலும் உண்டு.

இவற்றோடு நின்றுவிட்டால் படம் பாதிதான். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் கட்டுரைகள் பல குற்றவியலின் பொது இதழ்களில் வருகின்றன: கிரிமினாலஜி, ஜஸ்டிஸ் குவார்ட்டர்லி, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கிரிமினாலஜி, 2005இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் கிரிமினாலஜி. அண்மைக் காலத்தில் பொருளாதார அறிஞர்களும் அரசியல் அறிவியலாளர்களும் கணினியியலாளர்களும் உள்ளே வந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் துறை இதழ்களிலோ, சயின்ஸ் போன்ற பொது அறிவியல் இதழ்களிலோ எழுதுகிறார்கள். காவல்துறை இதழ்களில் நாற்பது ஆண்டுகளாக நடந்த விவாதத்தை அவர்களில் சிலர் மேற்கோளில்கூடத் தொடுவதில்லை. இந்தப் பக்கத்தில் இருப்பவர்களும் அவர்களுடைய புள்ளியியல் முறைகளைத் தாமதமாகவே கவனிக்கிறார்கள். இரு கரையையும் படிப்பவர்கள் குறைவு. புதிதாக வருபவருக்கு இது நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

இதழ்களிலேயே வராத எழுத்து தனி. கன்சாஸ் சிட்டி ஆய்வு ஓர் அறிக்கை. ஷெர்மனின் 1998 எழுத்தும் போலீஸ் ஃபவுண்டேஷன் வெளியீடுதான். ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982இல் எழுதிய 'உடைந்த ஜன்னல்கள்' கட்டுரை வந்தது தி அட்லாண்டிக் என்ற வெகுசன மாத இதழில். சக ஆய்வாளர் மதிப்பீடு எதுவும் இல்லாத அந்தக் கட்டுரைதான் பல நகரங்களின் காவல் கொள்கையையே திருப்பிப்போட்டது. ஆய்விதழ்களில் மட்டும் தேடுபவருக்கு இவை நேரடியாகச் சிக்காது.

மூன்றாம் படி: தேடுவது

தரவுத்தளங்களில் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டுக்கும் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். சந்தா இல்லாதவர்களுக்கு 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது. அதன் தரவு யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. கூகுள் ஸ்காலர் தேட வசதியானது, ஆனால் தொகுத்துக் கணக்கிடுவதற்குத் தோதானது அல்ல. அது எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்று வெளியே தெரியாது, அதே தேடலை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்க்கவும் முடியாது.

தேடல் சொற்களில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். போலீஸ், போலீசிங் இரண்டும் பி, ஓ, எல், ஐ, சி என்ற ஐந்து எழுத்தில் தொடங்குவதால், அந்த ஐந்தோடு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். அப்படித் தேடினால் பாலிசி என்ற சொல் வரும் கட்டுரை அத்தனையும் வந்து கொட்டும்: வரிக் கொள்கை, சுகாதாரக் கொள்கை, காலநிலைக் கொள்கை. ஆகவே போலீஸ், போலீசிங் இரண்டையும் முழுச் சொல்லாகத் தனித்தனியே கொடுங்கள். லா என்ஃபோர்ஸ்மென்ட், கான்ஸ்டபுலரி, ஜெண்டார்மரி, ஷெரிஃப் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸிலும் துருக்கியிலும் நாட்டுப்புறக் காவல் ஜெண்டார்மரியிடம் இருக்கிறது. அந்தச் சொல்லை விட்டால் அந்த நாடுகளின் ஒரு பகுதியே காணாமல் போய்விடும்.

அடுத்த தொல்லை, போலீசிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எதையும் கண்காணித்துக் கட்டுப்படுத்துவதற்குப் பயன்படுத்துவது. கணினி வலையமைப்பில் தரவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் அதே சொல்தான், உடை, உடல், மொழி மீதான சமூகக் கட்டுப்பாட்டுக்கும் அதே சொல்தான். பொறியியல், உயிரியல் பிரிவுகளை வடிகட்டிவிடலாம். சமூகவியல் பிரிவில் வருவதை ஆய்வுச் சுருக்கம் படித்துக் கையால்தான் களைய வேண்டும்.

தேடிய தேதி, தரவுத்தளம், தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை நான்கையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். பின்னால் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கேள்வி 'எந்த முறை பலன் தருகிறது' என்பதானால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய குளோபல் போலீசிங் டேட்டாபேஸ் 1950 முதல் வந்த காவல்துறைத் தலையீட்டு மதிப்பீடுகளை, அச்சில் வந்தது வராதது இரண்டையும், திரட்டி வைத்திருக்கிறது. ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக எடைபோடும் கேம்ப்பெல் கூட்டமைப்பின் முறைசார் மீளாய்வுகளும் இலவசம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் சான்று அட்டவணையும் அப்படியே. ஆய்வுப் போக்கைப் பற்றியே எழுதுபவர்களுக்கு, போலீஸ் பிராக்டிஸ் அண்ட் ரிசர்ச் இதழில் வந்த தொடர் மீளாய்வுகள் நல்ல முன்மாதிரி. 2000ஆம் ஆண்டின் கட்டுரைகளை வகைப்படுத்தி 2003இல் வந்தது முதலாவது, பிறகு அதே முறையைப் பிற்கால ஆண்டுகளுக்கும் நீட்டித்தார்கள். அவர்களுடைய வகைப்பாட்டை வைத்துக்கொண்டால் உங்கள் முடிவை அவர்களுடையதோடு நேராக ஒப்பிடலாம்.

நான்காம் படி: அட்டவணை

பலர் தேடி எடுத்த கோப்பை அப்படியே மென்பொருளில் போட்டு, வண்ணவண்ணக் குமிழிகளோடு ஒரு படம் வந்ததும் ஆய்வு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னே செய்ய வேண்டிய வேலைதான் இந்த ஆய்வின் உயிர்.

அட்டவணையில் நாடு என்ற பத்தியை எடுத்துக்கொள்வோம். தரவுத்தளம் தரும் நாடு, ஆசிரியர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் நாடு. ஆய்வு செய்யப்பட்ட காவல்துறையின் நாடு அல்ல. உகாண்டா காவல்துறையைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் எழுதினால் கணக்கு அமெரிக்காவில்தான் ஏறும். இதைக் கவனிக்காமல் 'இந்த நாடு இத்தனை கட்டுரை' என்று பட்டியல் போட்டால், யார் எழுதுகிறார்கள் என்பதையும் யாரைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதையும் ஒன்றாகக் குழப்பிவிடுவோம். இந்தத் துறையில் அது சின்ன விஷயமல்ல.

எனவே மொத்தத்திலிருந்து குலுக்கல் முறையில் ஒரு 200 கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, கையால் பத்திகளை நிரப்புங்கள்: எந்த நாட்டுக் காவல்துறை, மாநகரமா சிறு ஊரா, தரவு எங்கிருந்து வந்தது, காவல்துறை ஊழியர் யாராவது இணை ஆசிரியரா, நிதி யாருடையது, முறை என்ன. தரவு வந்த வழியை மட்டும் நுணுக்கமாகப் பிரியுங்கள். காவல்துறையே கொடுத்த பதிவேடு, நீதிமன்றமோ சட்டமோ வெளியிட வைத்த தரவு, பத்திரிகையாளர்கள் திரட்டியது, மக்களிடம் எடுத்த கருத்தாய்வு, ஆய்வாளர் நேரில் பார்த்தது என்று ஐந்தாக வைக்கலாம். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015 முதல் காவலர்கள் சுட்டு இறந்தவர்களின் பட்டியலைத் தொகுத்தது, அரசிடம் முழுமையான எண்ணிக்கையே இல்லாததால். அதை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளுக்கும், ஒரு காவல்துறை தானே முன்வந்து தந்த கோப்பை வைத்து எழுதப்பட்டவற்றுக்கும் கேள்விகளே வேறு.

ஊர் அளவு என்ற பத்தி எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்காவில் சுமார் 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. உள்ளூர்க் காவல்துறைகளில் ஏறத்தாழப் பாதி, 10 பேருக்கும் குறைவான முழுநேர அதிகாரிகளைக் கொண்டவை. ஆய்வுக் கட்டுரைகளிலோ பெருநகரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தப் பத்தியை நிரப்பினால் உங்கள் 200இலேயே அது தெரியும்.

நண்பர் ஒருவரை அதே கட்டுரைகளில் ஒரு பகுதியைத் தனியாக வகைப்படுத்தச் சொல்லி, இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகாத பத்தியின் வரையறையைத் திருத்தி மறுபடி செய்யுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்த இடத்தில்தான் ஆய்வாளராகிறீர்கள்.

ஐந்தாம் படி: வரைபடம்

கட்டுரைகளின் சொற்களும் மேற்கோள்களும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று படமாக்கிக் காட்டும் மென்பொருளான, லெய்டன் பல்கலைக்கழகத்தின் வாஸ்வியூவர் இலவசம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். ஆர் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு பிப்லியோமெட்ரிக்ஸ் தொகுப்பு இன்னும் வசதி.

படம் போடும் முன் சொற்களை ஒன்றாக்குங்கள். சட்டைக் கேமராவை ஆங்கிலத்தில் இடைக்கோட்டோடும் இடைக்கோடு இல்லாமலும் எழுதுகிறார்கள், பி.டபிள்யூ.சி. என்று சுருக்கியும் எழுதுகிறார்கள். மென்பொருளுக்கு இவை வெவ்வேறு சொற்கள். பெரிய தலைப்பு ஒன்று சின்னச் சின்னக் குமிழிகளாகச் சிதறிப்போகும். வாஸ்வியூவரில் இதற்காக இரண்டு பத்தி கொண்ட ஓர் உரைக்கோப்பு கொடுக்கலாம், இடப்பக்கம் பழைய சொல், வலப்பக்கம் மாற்றுச் சொல். மேற்கோள்களிலும் இதே கதைதான். கன்சாஸ் சிட்டி அறிக்கையைச் சிலர் கெல்லிங் பெயரிலும் சிலர் போலீஸ் ஃபவுண்டேஷன் பெயரிலும், முதலெழுத்தோடும் இல்லாமலும் குறிப்பிடுகிறார்கள். ஒன்றாக்காவிட்டால் துறையின் மூலநூல்களில் ஒன்று பட்டியலில் கீழே போய்விடும்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. கட்டுரை இணையத்தில் முதலில் வந்துவிடும், இதழ் எண் கிடைக்க மாதக்கணக்காகும், சில வேளை ஆண்டே மாறிவிடும். எந்தத் தேதியைப் பின்பற்றுகிறீர்கள் என்று முடிவு செய்து கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையைப் பத்தாண்டுப் பழைய கட்டுரையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

ஆறாம் படி: இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்துப் படியுங்கள்

போக்குகளைப் பற்றி எழுதுபவர்களும் கட்டுரையை உள்ளே போய்ப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்குச் சட்டைக் கேமராவை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கலிஃபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரில் 2012இல் தொடங்கி 12 மாதம் நடந்து, 2015இல் வெளியான ஆய்வு. 54 காவலர்கள், 988 ஷிஃப்டுகள். எந்த ஷிஃப்டில் கேமரா, எதில் இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கேமரா இல்லாத ஷிஃப்டுகளில் பலப்பிரயோகம் ஏறத்தாழ இரு மடங்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது, வாஷிங்டன் டி.சி.யில் 2,224 அதிகாரிகளோடு நடந்தது. முடிவு 2017இல் அறிக்கையாகவும் 2019இல் இதழிலும் வந்தது. பலப்பிரயோகத்திலோ புகாரிலோ புள்ளியியல் ரீதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை.

ஏன் இப்படி? எதைக் குலுக்கினார்கள் என்று பாருங்கள். ரியால்டோவில் ஷிஃப்டை, வாஷிங்டனில் ஆளை. ரியால்டோவில் ஒரே காவலர் இன்று கேமராவோடும் நாளை இல்லாமலும் வேலை பார்க்கிறார். கேமரா இருந்த நாளில் பழகிய நடத்தை மறுநாளும் தொடரலாம், அப்படியானால் இரு பக்கமும் கலந்துவிடுகின்றன. வாஷிங்டனிலோ கேமரா அணியாதவர், அணிந்தவரோடு சேர்ந்து ஒரே அழைப்புக்குப் போகிறார். அங்கே வேறு வகைக் கலப்பு. ரியால்டோவில் புகார்கள் குறைந்தது பற்றிய பிரபலமான எண், ஷிஃப்டுகளுக்கிடையிலான ஒப்பீடே அல்ல, முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டது. அடுத்து, இரு காவல்துறைகளும் ஆய்வுக்கு முன்னே எந்த நிலையில் இருந்தன என்று கேளுங்கள். மேற்பார்வை ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் இடத்தில் கேமராவால் கூடுதலாக மாற்ற அதிகம் மிஞ்சியிருக்காது. 2020இல் வந்த கேம்ப்பெல் மீளாய்வு 30 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலான நடத்தைகளில் சீரான விளைவு தெரியவில்லை என்றே சொன்னது.

எதிர் உதாரணம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். காவலர் துப்பாக்கிச் சூட்டில் இனப் பாகுபாடு பற்றி 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த கட்டுரை, சுட்டு இறந்தவர்களின் பட்டியலை மட்டும் வைத்து முடிவு சொன்னது. சுடப்பட்டவர்களை மட்டும் பார்த்தால் ஒருவர் சுடப்படும் வாய்ப்பைச் சொல்ல முடியாது. அதற்குக் காவலர்கள் மொத்தம் எத்தனை பேரை எதிர்கொண்டார்கள் என்ற எண் வேண்டும். விமர்சனம் எழுந்து, திருத்தம் வந்து, 2020இல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். காவல்துறைத் தரவு எதைக் கையில் எடுத்தாலும், இந்தப் பட்டியலில் வராமல் போனவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள்.

ஏழாம் படி: இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பங்கு கட்டுரைகள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவிலிருந்து. அங்கே பலன் தந்தது எல்லா இடத்திலும் தரும் என்று வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையே சாட்சி. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில், காவலர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து செயல்படும் சமூகக் காவல்பணியை ஒரே திட்டத்தில் சோதித்தார்கள். மக்களின் நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. ஊழியர்களை அடிக்கடி மாற்றியது, மேலதிகாரிகளின் அக்கறையின்மை, ஆள்-வாகனப் பற்றாக்குறை ஆகியவற்றை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மறுபுறம், மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை வைத்து நடந்து 2022இல் அதே இதழில் வந்த ஆய்வு, பெண்களுக்கான உதவி மேசைகள் வைத்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவானதைக் காட்டியது.

ஆங்கிலத்துக்கு வெளியே நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். பிரேசிலில் 2006இல் தோன்றிய பொதுப் பாதுகாப்பு மன்றம் போர்ச்சுகீசிய மொழியில் ஆண்டு மலரும் ஆய்விதழும் வெளியிடுகிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தனி மரபே இருக்கிறது. ஸ்கோபஸில் இவை குறைவாகவே தென்படும். என் கணிப்பில் புதியவர்கள் இறங்க வேண்டிய இடங்கள் சிறு ஊர்க் காவல், விசாரணைப் பிரிவின் அன்றாட வேலை, கீழ்மட்டக் காவலரின் வேலை நேரமும் இடமாற்றமும், தனியார் பாதுகாவலர்கள் ஆகியவை. ரோந்து பற்றி எழுதப்பட்டதோடு ஒப்பிட்டால் விசாரணை பற்றி எழுதப்பட்டது குறைவு, ஏனெனில் ரோந்தைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், விசாரணைக் கோப்பை யாரும் எளிதில் காட்டுவதில்லை.

எட்டாம் படி: அனுமதி

காவல்துறையோடு சேர்ந்து ஆய்வு செய்வதானால், வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். தரவு யாருடையது, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை யாருக்கு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வரைவைப் படித்துத் தகவல் பிழை சுட்டிக்காட்டும் உரிமையை அவர்களுக்குக் கொடுப்பது நியாயம். முடிவைத் தடுக்கும் உரிமையைக் கொடுக்காதீர்கள். உங்களிடம் பேசிய காவலரோ, புகார் கொடுத்தவரோ, பிடிபட்டவரோ அடையாளம் தெரியாமல் எழுதுங்கள். சிறு நிலையத்தில் பதவியையும் பணிக்காலத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சீருடையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்: கீழே வேலை பார்ப்பவரிடம் கேள்வித்தாளைக் கொடுத்தால் அவரால் மறுக்க முடியாது. அத்தகைய கருத்தாய்வை உங்கள் அதிகார வரம்புக்கு வெளியே நடத்துங்கள், அல்லது வேறொருவரை வைத்து நடத்துங்கள்.

ஒன்பதாம் படி: அனுப்புவது

எந்த இதழ் என்பதை எழுதி முடித்த பிறகு யோசிக்காதீர்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழ் அதிகம் வருகிறதோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். அதன் கடைசி இரண்டு ஆண்டுத் தலைப்புகளைப் புரட்டி, உங்கள் முறையில் எழுதப்பட்டது ஒன்றாவது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கா, பிரிட்டனுக்கு வெளியே நடந்த ஆய்வை அனுப்புபவர்களிடம் மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகக் கேட்பது, இது மற்ற நாட்டு வாசகருக்கு எப்படிப் பொருந்தும் என்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நடந்த ஆய்வை யாரும் அப்படிக் கேட்பதில்லை. இது நியாயமில்லை. இருந்தாலும் பதிலை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: உங்கள் காவல்துறை மையப்படுத்தப்பட்டதா, ஆள் எடுப்பது எப்படி, இடமாற்றம் யார் கையில் என்று இரண்டு பத்தியில் விளக்கி, அந்த அமைப்பினால் எந்தக் கோட்பாட்டின் எந்தப் பகுதி இங்கே சோதிக்கப்படுகிறது என்று சொல்லுங்கள். அப்படி எழுதினால் உங்கள் நாடு ஒரு விதிவிலக்காகத் தெரியாது, கோட்பாட்டுக்கான சோதனைக்களமாகத் தெரியும்.

பணம் கேட்டு, ஒரு வாரத்தில் அச்சிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் போகாதீர்கள். ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் நீங்கள் படித்த கட்டுரைகளை எழுதியவர்களின் பெயர்கள் எதுவும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டதும், பதிப்பகத்தின் விதியைப் பார்த்து, அனுமதிக்கும் பிரதியை 2020 முதல் இயங்கும் கிரிம்ஆர்க்கைவ் திறந்த களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள். காவல் நிலையங்களில் ஆய்விதழ்ச் சந்தா இருக்காது. கூடவே இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை அந்த ஊர் மொழியில் எழுதி, தரவு தந்த அலுவலகத்துக்கும் உங்களிடம் பேச நேரம் ஒதுக்கியவர்களுக்கும் அனுப்புங்கள். முறையைப் பற்றி அதில் இரண்டு வரி போதும். என்ன செய்தோம், என்ன தெரிந்தது, எது இன்னும் தெரியவில்லை என்பவற்றுக்கு மீதி இடத்தைக் கொடுங்கள்.